வழுக்கி விழுந்தவர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் வாயாடி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் குட்டியும் சுகமா? அண்ணியின் முதுகுவலி எப்படி இருக்கிறது? குளிரில் அதிகமாகுமே.

கடிதத்தைப் பார்த்ததும் "போன் எதுக்கு வாங்கிக் குடுத்தேன்" என்று திட்டுவீர்கள். படப்பிடிப்பு நடக்கிற இந்தக் கல்குவாரியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். நான் ஏறினால் யூனிட் மொத்தமும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறது. அதுவும் போக, எனக்கு இப்போது வேண்டியது போன் பேச்சில் அடங்காது.

ஒரு போலீஸ் படத்தில் வசனப் பகுதிக்கு உதவியாளராகச் சேர்ந்துவிட்டேன் அண்ணா. கெட்டுப்போன ஒரு இன்ஸ்பெக்டர், அவருக்குக் கீழே ஒரு ஸ்டேஷன், அங்கே போன ஒரு மனிதன் திரும்பி வராமல் போவது. இதுதான் கதை. நான் எழுதிக் கொடுத்த பக்கங்களை இயக்குநர் படித்துவிட்டு, "என்னம்மா இது, ஸ்டேஷன் மாதிரி இல்ல, பேங்க் மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கண்ணன் பதினெட்டு வருஷமா ஸ்டேஷன் ரைட்டர் சார். வர்ற புகார் எல்லாத்தையும் அவர் கையாலதான் எழுதுவார்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் அப்படியே பிடித்துக்கொண்டார்.

அதனால் அண்ணா, உங்கள் ஸ்டேஷனை எனக்கு எழுதி அனுப்புங்கள். மேசையில் என்ன இருக்கும், யார் எப்படிப் பேசுவார்கள், நடந்த ஒன்றை நடக்காததாக ஆக்கவேண்டுமென்றால் காகிதத்தில் எப்படி ஆக்குவார்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். அப்பா அம்மா போன பிறகு சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் "சினிமாவுக்கா அனுப்புற" என்று கேட்டபோது தனியாக நின்று என்னை அனுப்பி வைத்தது நீங்கள். இதையும் நீங்கள்தான் தாங்கவேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. குட்டிக்கு நூறு முத்தம்.

உங்கள் வாயாடி


ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணியின் முதுகு பரவாயில்லை. வலி போய்விட்டது என்று சொன்னால் வீட்டு வேலையில் நான் கைகொடுப்பதை நிறுத்திவிடுவேன் என்று பயப்படுகிறாளோ என்னவோ, இருக்கிறது என்றே சொல்லி வருகிறாள். உன் மருமகள் பல் விழுந்து கிழவி மாதிரி இருக்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஸ்டேஷன் கேட்டாயே, கேட்டுக்கொள். என் மேசைக்கு நான்கு கால். மூன்றுதான் தரையைத் தொடும். நான்காவதின் கீழே பழைய சட்டப்புத்தகத்தை மடித்து வைத்திருக்கிறேன், சட்டத்தால் அந்த ஒரு உபகாரம் நடக்கிறது. எதிரே ஒரு நீள பெஞ்சு. புகார் கொடுக்க வந்தவன், புகாருக்கு ஆளானவன், அவனைத் தேடி வந்தவள் மூவரும் அதே பெஞ்சில்தான் உட்காரவேண்டும். ஸ்டேஷனுக்குள் நுழைகிற யாரும் முதலில் மேசையைப் பார்ப்பதில்லை. உள் அறைக் கதவைத்தான் பார்ப்பார்கள். உங்கள் நடிகர்களுக்கு இதைச் சொல்லு.

படத்தில் இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டுவார், நாற்காலியை உதைப்பார். நான் பார்த்த வரையில் கத்துகிறவரால் பெரிய ஆபத்து இல்லை. எங்கள் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். திருடனைக்கூட "உக்காருங்க" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் காவலர்கள் கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள்.

காகிதத்தில் எப்படி மாற்றுவார்கள் என்று கேட்டாய். யாரும் பக்கத்தைக் கிழிக்கமாட்டார்கள், கிழித்தால் தெரிந்துவிடும். ஸ்டேஷன் குறிப்பேட்டில் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதவேண்டும். எழுதும்போது நடுவில் இரண்டு வரி சும்மா விட்டுவிடச் சொல்வார்கள். பிற்பாடு தேவைப்பட்டால் அதில் வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். தேவைப்படாவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். அவ்வளவுதான் வித்தை.

என் பெயரை எங்கேயும் போட்டுவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். குவாரித் தூசியில் இருமல் இருந்தது, கஷாயமும் மாத்திரையுமாக அதை ஓட்டிவிட்டேன். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தை இயக்குநரிடம் படித்துக் காட்டினேன். அந்த இரண்டு வரி விஷயம் வந்ததும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "இதான்மா படம்! இதான் படம்!" என்று அங்குமிங்கும் நடந்தார். இப்போது கதையில் புதிதாக ஒரு ஸ்டேஷன் ரைட்டர் வந்துவிட்டார். நாடகத்தில் முப்பது வருடம் நடித்த ஒரு பெரியவர் அதைச் செய்கிறார். எங்கள் இன்ஸ்பெக்டரும் இப்போது "வாங்க, போங்க" என்றுதான் பேசுகிறார். பார்க்கவே பயமாக இருக்கிறது.

இன்னும் ஒன்றுதான் வேண்டும். எங்கள் கதையில் ஒரு மனிதன் ஸ்டேஷனில் அடிபட்டுச் செத்துப்போகிறான். விட்டுவைத்த அந்த இரண்டு வரியில் ரைட்டர் அதை என்னவென்று எழுதுவார்? எந்த வார்த்தைகளில்? கேமரா அந்தப் பக்கத்தைக் கிட்டப் போய்க் காட்டப் போகிறது. உங்கள் கையெழுத்து மாதிரியே எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள். இருபதாம் தேதி அந்தக் காட்சி.

வாயாடி


மார்ச் 2

தங்கைக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. வயிறு கொஞ்சம் சரியில்லை, சாப்பிட்டது தங்குவதில்லை. டாக்டரிடம் காட்டியாயிற்று, கவலைப்படாதே.

நீ கேட்டது இப்படி இருக்கும்:

"விசாரணைக்கு அழைத்து வரப்பட்டிருந்தவர் பிற்பகல் 3.10 மணிக்குக் கழிவறைக்குச் சென்றபோது ஈரத்தரையில் வழுக்கி விழுந்து பின்தலையில் காயமடைந்தார். உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்."

'உடனடியாக' என்ற சொல் கட்டாயம் இருக்கவேண்டும். 'ஈரத்தரை' என்பதும்.

காட்சி முடிந்திருக்கும் என்று தெரியும். இருந்தாலும் கேட்டாய் என்பதற்காக எழுதினேன்.

இங்கே வேறு சேதி ஒன்றுமில்லை. ஒரு அம்மாள் மூன்று மாதமாகத் தினமும் காலையில் வந்து பெஞ்சில் உட்காருகிறார். அவருடைய வீட்டுக்காரரின் பை எங்களிடம் இருக்கிறதாம், அதைக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். வேறு எதுவும் கேட்பதில்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய்விடுவார்.

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் உங்கள் வயிறு. அண்ணி சொல்கிற மாதிரி சாப்பிடுங்கள், டீயைக் குறையுங்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

மழையால் படப்பிடிப்பு தள்ளிப்போய் உங்கள் கடிதம் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. நேற்று அந்தக் காட்சியை எடுத்தோம். நீங்கள் எழுதிய வாசகத்தில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. நாடகப் பெரியவர் அதை எழுதி முடித்தபோது இயக்குநர் 'கட்' சொல்லவே மறந்துவிட்டார்.

அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "எழுதி முடிச்சதும் அந்த ஆளு கையை என்னம்மா பண்ணுவான்? நான் பாட்டுக்கு நடிச்சுட்டேன். ஆனா நிஜத்துல என்ன பண்ணுவான்னு உங்கண்ணன்கிட்ட கேட்டு வைய்யி" என்றார். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

நானும் ஒன்று கேட்கவேண்டும். நீங்கள் எதையும் உதாரணத்துக்குச் சொல்லும்போது முழு மணியாகத்தான் சொல்வீர்கள். மூன்று மணி என்பீர்கள், நான்கு மணி என்பீர்கள். இந்த 3.10 எங்கிருந்து வந்தது?

அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு என்ன ஆனது? அது என்ன பை?

பதிலுக்குக் காத்திருக்கும்
வாயாடி


ஏப்ரல் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. உன் உடம்பு சுகம்தானே? குட்டி பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு ஒன்றுமில்லை. உன் அண்ணனைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் எழுதியது அவருக்குத் தெரியவேண்டாம்.

உன்னுடைய மார்ச் மாதக் கடிதம் ஒரு மாதமாக அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. எடுத்துப் படிக்கிறார், மறுபடி அங்கேயே வைக்கிறார். எட்டு கிலோ இளைத்துவிட்டார். டாக்டர் வயிற்றில் கோளாறே இல்லை என்கிறார். இடமாற்றம் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தார், இன்ஸ்பெக்டர் விடமாட்டேன் என்கிறார்.

உனக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். போன நவம்பரில் இங்கே கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் ஸ்டேஷனில் இறந்துபோனார். கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று பேப்பரில் மூன்று வரி வந்தது. நம் வீட்டு அலமாரிக்குச் சாவி தொலைந்தபோது அவர்தான் வந்து போட்டுக் கொடுத்தார். குட்டிக்கு ஒரு சின்னப் பூட்டு கொண்டுவந்து தந்தார். நல்ல மனிதர்.

உன் அண்ணன் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. போலீஸ்காரன் பெண்டாட்டி கேட்கக்கூடாதது என்று சிலது இருக்கிறது, பழகிவிட்டது. ஆனால் தண்ணீர் கொடுத்தாலும் வாங்காமல் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாரம்மா.

இனிமேல் அந்தப் படத்தைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமில்லை என்று தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை அண்ணா. நீங்கள் எதுவும் சொல்லவும் வேண்டாம். நீங்கள் சரி என்றால் இயக்குநரிடம் போய் அந்தக் காட்சியையே வெட்டிவிடச் சொல்கிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் வாசகத்தையாவது மாற்றச் சொல்கிறேன். மாடிப்படியில் விழுந்தார் என்று வைத்துக்கொள்ளட்டும்.

படப்பிடிப்புக்கு முன்னால் ஒரு மாதம் உங்கள் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினேன். கடைசி நாட்களில் தாள் தாளாக அந்த ஒரே வாசகம். நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன். நேற்று எல்லாவற்றையும் எடுத்துக் கொளுத்திவிட்டேன். அதனால் என்ன ஆகிவிடும், ஒன்றுமில்லை. இருந்தாலும் கொளுத்தினேன்.

சாப்பிடுங்கள் அண்ணா.

வாயாடி


மே 8

அன்புள்ள என் தங்கைக்கு,

உடம்பு பரவாயில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடுகிறேன். நீ கவலைப்படாமல் இரு.

காட்சியை வெட்டச் சொல்லாதே. அது இருக்கட்டும். உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். கடைசியாக எப்போது உண்மையை எழுதினேன் என்பதே நினைவில்லாத அளவுக்கு இதுவரை வேறு ஏதேதோ எழுதிவிட்டேன்.

எங்கள் ஸ்டேஷனில் பறிமுதல் செய்த பொருள்களை வைக்க ஒரு அறை உண்டு. அதில் ஒரு துப்பாக்கி இருந்தது. பெரிய இடத்துப் பையன் ஒருவன் ஒரு ஆளைச் சுட்ட வழக்கில் அதுதான் முக்கிய சாட்சிப் பொருள். போன நவம்பர் ஆரம்பத்தில் ஒருநாள் காலையில் பார்த்தால் அந்த அறையின் பூட்டு உடைந்து கிடந்தது, துப்பாக்கியைக் காணோம். திருடன் வந்துபோய்விட்டான் என்றார்கள். புதுப் பூட்டு போடவேண்டும். இன்ஸ்பெக்டர் என்னிடம், "யாராவது தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். நான்தான் போய்க் கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவரைக் கூட்டிவந்தேன்.

அவர் உடைந்த பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் தொழிலில் ஒரு விநோதத்தைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில், "இது உடைச்சுத் தொறந்தது இல்லீங்க. பூட்டியிருக்கும்போது அடிச்சா உள்ள இருக்கிற நாக்கு வளைஞ்சிருக்கும். இது நேரா இருக்கு பாருங்க. சாவி போட்டுத் தொறந்துட்டு, அப்புறமா வளையத்தை மட்டும் அடிச்சிருக்காங்க" என்றார். நாங்கள் நான்கு பேர் அங்கே நின்றோம். அந்த அறைக்கு இருந்தது ஒரே சாவி, அது இன்ஸ்பெக்டரின் இடுப்பில் இருந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தபடி, "ரொம்ப விவரமான ஆளா இருக்கீங்களே" என்றார்.

மூன்று நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, "அவரை மறுபடி கூட்டிட்டு வாங்க. நீங்க கூப்பிட்டா வருவார்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று உன்னிடம் சொல்லலாம். எனக்குத் தெரியும். கடையில் போய், "ஒரு பத்து நிமிஷ வேலை இருக்கு" என்றேன். வேலைதான் என்று நம்பித் தன் சாமான் பையை எடுத்துக்கொண்டு என் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியில் குட்டிக்குப் பூட்டு பிடித்ததா என்று கேட்டார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீங்கள் அதைப் படமாக எடுத்துவிட்டீர்கள். பட்டப்பகலில் நடந்தது. நான் வெளியே என் மேசையில் இருந்தேன். துப்பாக்கியைத் திருடிய ஆள் என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்த்தார்கள். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

விட்டுவைத்த இரண்டு வரியில், உனக்கு அனுப்பிய அதே வாசகத்தை, அதே 3.10 மணி போட்டு நான் எழுதினேன். அன்று எங்கள் ஸ்டேஷனில் தண்ணீரே வரவில்லையம்மா. தரை காய்ந்துதான் கிடந்தது. பையில் இருந்த ஆணி, அரம், கம்பி எல்லாவற்றையும் 'திருட்டுக்குப் பயன்படுத்தும் கருவிகள்' என்று பட்டியல் போட்டதும் நான்தான். அந்தப் பையைத்தான் அந்த அம்மாள் வந்து கேட்கிறார். கொடுக்க முடியாது, அது இப்போது சாட்சிப் பொருள்.

உங்கள் நாடகப் பெரியவர் கேட்டாரே, கையை என்ன செய்வான் என்று. ஒன்றும் செய்யமாட்டான். பேனாவை மூடுவான். "அடுத்து யாரு?" என்று கேட்பான்.

அந்த அம்மாள் மேலிடத்துக்கு மனு போட்டுப் போட்டு இப்போது ஒரு நீதிபதியை விசாரணைக்குப் போட்டிருக்கிறார்கள். மே 26 அன்று நான் சாட்சி சொல்லவேண்டும். இன்ஸ்பெக்டர் நேற்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க கையெழுத்துதானே அது. மாத்திச் சொன்னா யாருக்கு ஆபத்துன்னு யோசிச்சுக்குங்க. பொண்ணு வேற சின்னது" என்றார். மிக மரியாதையாகச் சொன்னார்.

நான் மாற்றித்தான் சொல்லப் போகிறேன். உன் அண்ணியிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. போய் என் சீருடையைத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தாள்.

உன் அண்ணன்


ஜூன் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், ஜெயிலில் சாப்பிட என்ன கொடுக்கிறார்கள், மாத்திரை சாப்பிட விடுகிறார்களா? அண்ணியுடன் பேசினேன். தைரியமாக இருக்கிறார். குட்டியிடம் அப்பா பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை, எதுவும் கேட்கவில்லையாம்.

பேப்பரில் படித்தேன். "இது நான் எழுதியது, இதில் உள்ளது நடக்கவில்லை" என்று நீங்கள் சொன்னதைப் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டு காவலர்களும் வழுக்கித்தான் விழுந்தார் என்று சாதித்துவிட்டார்களாம். விழுந்தாலும் அப்படிக் காயம் வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கடைசியில் அந்த விசாரணையில் நிரூபணமான ஒரே குற்றம் நீங்கள் பொய் எழுதினீர்கள் என்பதுதான். அதுவும் நீங்களே சொன்னதால். அதற்குத்தான் உங்களைக் கைது செய்தார்களாம். படித்துவிட்டுச் சிரித்தேன் அண்ணா. பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு என்று அண்ணி சொன்னார்.

இங்கே படத்தின் முடிவை மாற்றிவிட்டார்கள். தயாரிப்பாளருக்கு ரைட்டர் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை. இப்போது கடைசிக் காட்சியில் நாடகப் பெரியவர் துப்பாக்கியைத் தூக்கி இன்ஸ்பெக்டரை ஆறு முறை சுடுகிறார். அப்படி யாரும் சுடவில்லை என்று நான் சண்டை போட்டேன். இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்குத் தெரியாதாம்மா? ஆனா ஜனங்க டிக்கெட் வாங்கி வர்றாங்க. ஒரு தடவையாவது அவன் சாகணும்ல" என்றார். அன்று மாலையே படத்தில் என் பெயர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் உங்களைப் பார்க்க வருகிறேன்.

உங்கள் தங்கை


செப்டம்பர் 12

அன்புத் தங்கைக்கு,

நலம். ஓரத்தில் இருக்கும் முத்திரையைப் பார்த்துப் பயப்படாதே. உள்ளே இருந்து போகும் கடிதங்களைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். இதைப் படிக்கும் அதிகாரிக்கும் என் வணக்கம். அவரும் அவர் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கட்டும்.

தீர்ப்பு வந்துவிட்டது, இரண்டு வருடம். வக்கீல் மேல்முறையீடு செய்யலாம் என்றார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். செய்ததற்குத்தானே கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலையில் நீ வந்தபோது கம்பிக்கு இந்தப் பக்கம் நான் என்ன பேசினேன் என்றே ஞாபகமில்லை. உன் செருப்பு அறுந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. புதிது வாங்கினாயா?

இங்கே எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை. பாதிப்பேருக்கு எழுதத் தெரியாது. வீட்டுக்கு, வக்கீலுக்கு, கோர்ட்டுக்கு எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். ஒருவன், "நான் திருடவேயில்லன்னு எழுதுங்க" என்றான். "நெஜமாவா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அப்ப கொஞ்சமாத் திருடினேன்னு எழுதுங்க" என்றான். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

உன் அண்ணி தையல் கடையில் வேலைக்குப் போகிறாள், அந்த முதுகுவலியோடு. குட்டி பள்ளியில் யாரோ ஏதோ சொல்லி ஒருவனை அடித்துவிட்டாளாம். அவளுக்கு ஒரு நல்ல கடிதம் எழுது. என்னால் இன்னும் முடியவில்லை.

அந்தப் பையை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டார்களா என்று விசாரித்துச் சொல்.

அண்ணன்


நவம்பர் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். செருப்பு வாங்கிவிட்டேன். குட்டிக்கு எழுதினேன், நான்கு பக்கம் பதில் போட்டிருக்கிறாள், அதில் மூன்று பக்கம் படம். அவளுக்குத் தெரியும் அண்ணா. "அப்பாவுக்கு ஜெயில்ல போர்வை இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

பையைக் கொடுத்துவிட்டார்கள். அதை விசாரிக்கத்தான் நான் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். யார் என்று சொன்னதும் கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன். உள்ளே உட்கார வைத்தார். என்னிடம் கோபமாக ஒன்றும் பேசவில்லை, அன்பாகவும் பேசவில்லை. எழுந்து கிளம்பும்போது, "நீங்க எடுத்த படம் நம்ம தியேட்டர்ல ஓடுதாமே. என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

நேற்று மதியக் காட்சிக்குப் போனோம். கொட்டகை நிறைந்திருந்தது. உள் அறையில் அந்த ஆளை அடிக்கும் இடம் வந்தது. இயக்குநர் அதில் அலறல் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார், காது கிழிகிறது. நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ரைட்டர் துப்பாக்கியைத் தூக்கியதும் விசில், கைதட்டல், காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டார்கள். அந்த அம்மாவின் தலையில் ஒரு காகிதத் துண்டு வந்து விழுந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்டார். "அவர் இப்படிக் கத்தினாராம்மா? வீட்டுல கால்ல சுத்தியல் விழுந்தாக்கூடச் சத்தம் போடமாட்டார். அதான் கேக்கறேன். உங்கண்ணன் அங்கதானே இருந்தார். அவருக்குக் கேட்டிருக்குமே."

அண்ணா, நீங்கள் மே மாதம் எழுதிய கடிதத்தைத் திரும்பப் படித்தேன். 'நான் வெளியே என் மேசையில் இருந்தேன்' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு நேராக நீங்கள் எழுதியதற்குப் போய்விட்டீர்கள். நடுவில் ஒன்றுமில்லை.

அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?

உங்கள் தங்கை


டிசம்பர் 20

அன்புள்ள தங்கைக்கு,

போர்வை இருக்கிறது என்று குட்டியிடம் சொல். நல்ல கனமான போர்வை.

இதை விசாரணையில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன் அண்ணிக்கும் தெரியாது.

அவர் கத்தவில்லை. ஒருமுறைகூடக் கத்தவில்லை. என்னைக் கூப்பிட்டார். "ரைட்டரய்யா, கொஞ்சம் வாங்களேன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போன்ற குரல். நான் கூட்டிவந்தவன், நான் வந்து சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

அப்போது என் எதிரே ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் காணாமல் போய்விட்டது என்று புகார் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து இரண்டாவது தடவை கூப்பிட்டதும் தையல்காரர் பேச்சை நிறுத்தி, "உங்களைத்தான் யாரோ கூப்பிடறாங்க போல இருக்கே" என்றார்.

"அது ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க. சைக்கிள் என்ன கலரு?" என்று கேட்டேன்.

"நீலம்" என்றார். நீலம் என்று எழுதினேன்.

மூன்றாவது தடவை கூப்பிட்டார். நான் தையல்காரரிடம், "பெல் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

இருந்தது என்றார். அதையும் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

இதை அந்த அம்மாளிடம் சொல்லிவிடு. தபாலில் போடாதே. நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லு. கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம்.

உன் அண்ணன்